ஷீட் கூரைக்கு அடியில் எந்த ஆல்பம்?

எங்கள் வாசகசாலையில் பாட்டுக் கேட்க இருப்பது பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று, மரப்பெட்டி ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டு. மேலே ஷீட் கூரை. ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அந்த ஷீட்டைத் தூக்கித் தூக்கிப் போடும். நான்கு சீலிங் ஃபேன் உண்டு, அதில் ஒன்று சுற்றும்போதெல்லாம் தாளம் தப்பித் தட்டும். உட்கார மரபெஞ்ச். இந்த அறையில்தான் ஆடி இரண்டாம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு முப்பது பேர் உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்கப் போகிறார்கள். எந்த ஆல்பம் என்று முடிவு செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

கமிட்டி போட்ட நிபந்தனைகள் மூன்று. 2023க்கு முன்னால் வந்தது வேண்டாம். சினிமாப் பாட்டு வேண்டாம். அது கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டில் நின்றாலே காதில் விழும். ஒரு மணி நேரத்துக்கு ரொம்ப மிஞ்சக் கூடாது, ஏழரை பஸ்ஸை விட்டால் எருத்தேம்பதிக்காரர்கள் ஆட்டோவுக்கு அலைய வேண்டும்.

எழுதாத நிபந்தனை ஒன்றும் உண்டு. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்கோரம் இது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம், சந்தையில் இரண்டும் கலந்தது. வாசகசாலைக்கு வாங்குகிற புத்தகங்களில் தமிழ் எத்தனை, மலையாளம் எத்தனை என்று வருஷா வருஷம் ஒரு பேச்சு எழும். சண்டை என்று சொல்ல முடியாது, டீ குடித்துக்கொண்டே நடப்பதுதான். ஆனாலும் முதல் கூட்டத்துக்கு நான் எந்த மொழியை எடுத்தாலும் யாராவது ஒருவர் மனசுக்குள் எண்ணிக்கொள்வார். அது எனக்குத் தெரியும்.

அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காலி அறையில், அதே பாக்ஸில், அதே ஃபேன் சுற்ற, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். என்னோடு உட்கார்ந்தது லாரி ஆபீஸ் வைத்திருக்கும் செயலாளர் அண்ணன், சின்ன வயசில் மிருதங்கம் கற்ற, நாங்கள் மாஷ் என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சித்தூர் காலேஜில் படிக்கும் என் அக்கா மகள். நாலாவது ஆள் தானாக வந்து சேர்ந்தார். மதிய வேளையில் பேப்பர் படிக்க வருகிற, கள் இறக்குகிற அண்ணன் ஒருவர். கடைசியில் அவர் சொன்னதுதான் அதிகம் பயன்பட்டது.

முதலில் வெளியே போனது அமெரிக்கப் பாடகி பியான்சேயின் 'கவ்பாய் கார்ட்டர்'. 2024 மார்ச்சில் வந்தது, 27 தடங்கள், 78 நிமிஷம். பஸ் போய்விடும். அமெரிக்கக் கன்ட்ரி இசை என்றாலே வெள்ளைக்காரர் சொத்து என்கிற நினைப்போடு மோதுகிற ஆல்பம் அது. அந்த இசையின் அடையாளமான பாஞ்சோவே ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் செய்த கருவியிலிருந்து வந்ததுதான். 2025இல் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசும் வாங்கியது. இருந்தும் என் கணக்கில் பாதிதான் பந்தல், மீதி தோரணம். பத்துப் பாட்டைக் கழற்றியிருந்தால் இன்னும் உறுதியாக நின்றிருக்கும்.

அடுத்தது என் சொந்த ஆசை. தி க்யூர் என்ற இங்கிலாந்து ராக் குழு 16 வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024 நவம்பரில் வெளியிட்ட 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்'. எட்டுப் பாட்டு, 49 நிமிஷம், நேரக் கணக்குக்கு அளவெடுத்துத் தைத்தது போல. முதல் பாட்டில் குரல் வருவதற்கே மூன்று நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. கிட்டாரும் கீபோர்டும் மழைக்கு முந்தின வானம் மாதிரி மெதுவாக மூடிக்கொண்டே போகும். செயலாளர் அண்ணன் இரண்டு நிமிஷம் பொறுத்தார். "தம்பி, இவரு பாடுவாருங்களா, இல்ல கடைசி வரைக்கும் இப்படியே மியூசிக்தானுங்களா?" பாடுவார் என்றேன். பாடியபோது அவர் போனில் இருந்தார்.

அப்பா போன பிறகு பல ராத்திரிகள் நான் கேட்டது இதைத்தான். குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் இறந்துபோன தன் அண்ணனுக்காகப் பாடிய பாட்டு ஒன்று இதில் உண்டு. அதை முப்பது பேருக்கு நடுவில் போட எனக்கே கூச்சமாக இருந்தது. சரி, இது வீட்டுக்கு என்று எடுத்து வைத்துவிட்டேன்.

அக்கா மகள் ஒரே பிடியாகப் பிடித்தது அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷை. 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்', 2024 மே, பத்துப் பாட்டு, முக்கால் மணி நேரம்கூட இல்லை. அவள் வாதம் நல்ல வாதம். "மாமா, இதுல ஒரு பாட்டைக்கூட அவங்க முன்னாடியே தனியா விடலை. முழுசா உட்கார்ந்து கேட்கணும்னுதான். நம்ம கூட்டமும் அதுக்குத்தானே?" உண்மைதான். ஆல்பம் என்ற பழைய பழக்கத்தை இருபது சொச்சம் வயசுப் பெண் ஒருத்தி காப்பாற்ற நினைப்பது எனக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் பாக்ஸ் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பெண் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பாடுகிறவள். மூச்சு இழுப்பது, உதடு பிரிவது எல்லாமே பாட்டில் சேர்த்தி. எங்கள் ஃபேனுக்கு அடியில் மூச்சும் இல்லை, உதடும் இல்லை. அடித்தொனி மட்டும் கிளம்பிப் போய் கண்ணாடி பீரோவை நடுக்கியது. உள்ளே இருந்த கலைக்களஞ்சியங்கள் இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அசைந்தன. ஒரு பாட்டு பாதியில் சட்டென்று திரும்பி டான்ஸ் பாட்டாகிவிடும். அந்த இடத்தில் கள் இறக்கும் அண்ணன் பேப்பரை இறக்கிவிட்டு, "பாட்டை மாத்திட்டீங்களா?" என்றார். அதே பாட்டுதான் என்றதும் "அட" என்று மறுபடி படிக்கப் போய்விட்டார். அக்கா மகளே ஒப்புக்கொண்டாள், "ஹெட்ஃபோன்ல இது வேற மாதிரி இருக்கும் மாமா." இரண்டு காதுக்குச் செய்த ஆல்பத்தை அறுபது காதுக்குப் பங்கு வைத்தால் ஆளுக்குச் சொட்டுத்தான் கிடைக்கும்.

மாஷின் வேட்பாளர் சக்தி. இது நிஜமாகவே பலமான வேட்பாளர். கிட்டார் ஜான் மெக்லாக்லினும் தபலா ஜாகிர் உசேனும் எழுபதுகளில் தொடங்கிய குழு 46 வருஷத்துக்குப் பிறகு 2023இல் போட்ட ஸ்டூடியோ ஆல்பம் 'திஸ் மொமென்ட்'. பாட சங்கர் மகாதேவன், வயலினில் கணேஷ் ராஜகோபாலன், தாளத்தில் செல்வகணேஷ். அந்தக் காலத்து சக்தியில் கடம் வாசித்த விக்கு விநாயக்ராமின் மகன்தான் செல்வகணேஷ். 2024 பிப்ரவரியில் கிராமியும் வந்தது.

பாலக்காட்டில் இந்த ஆல்பத்துக்கு அறிமுகமே தேவையில்லை. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைப் பற்றித் தெரியாத ஆள்கூட இங்கே மிருதங்கச் சத்தம் கேட்டால் தொடையில் கை வைப்பார். தாளச் சொற்களை வாயால் சொல்லுகிற கொன்னக்கோல் வந்ததும் மாஷ் கண்ணை மூடினார். விரல் எண்ணிக்கொண்டே போய், தாளம் தொடங்குகிற இடமான சமத்தில் சரியாக வந்து விழுந்தது. அப்புறம் கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்தார். மணி ஐயர் பாடகர் செம்பைக்கு வாசித்த கதை, மைக் இல்லாமல் கச்சேரி கேட்ட கதை, கல்பாத்தித் தேர். நல்ல கதைகள்தான், ஆனால் அதற்குள் மூன்று பாட்டு ஓடிவிட்டது. கூட்டத்தன்றும் இதுதான் நடக்கும். சக்தியைப் போட்டால் முப்பது பேர் கேட்கப்போவது சக்தியையும் மாஷையும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. வாசிப்பில் ஒரு பிசிறு இல்லை. எல்லோரும் மேதைகள், எல்லா இடமும் கைதட்டலுக்குத் தயாராக இருக்கிறது. இலையில் பதினெட்டு வகையும் பரிமாறியிருக்கிறது, பசியை மட்டும் காணோம். அப்படித்தான் எனக்குப் பட்டது. விதிவிலக்கு 'ஸ்ரீனீஸ் ட்ரீம்' என்ற பாட்டு. பாலக்கொல்லுவில் பிறந்து, இடையில் இந்தக் குழுவிலும் வாசித்து, 2014இல் 45 வயசில் போய்விட்ட மாண்டலின் ஸ்ரீனிவாஸுக்கான பாட்டு அது. அங்கே மட்டும் விருந்தில் ஒரு இலை காலியாக இருப்பது தெரியும். 2024 டிசம்பர் 15இல் ஜாகிர் உசேனும் போன பிறகு ஆல்பத்தின் பெயரே வேறு மாதிரி ஒலிக்கிறது. அப்போது தபலாவை மட்டும் தொடர்ந்து கேட்டேன். அந்த ஒரு மணி நேரத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மாஷுக்குப் பிடிக்கும் என்று நினைத்து நான் போட்டு ஏமாந்தது ஆகம் குழு 2025இல் கொண்டுவந்த 'அரைவல் ஆஃப் தி எதீரியல்'. கர்நாடக இசையும் ராக்கும் கலந்தது. பாடுகிற ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நம் மாவட்டத்துக்காரர். தியாகராஜர் சாரமதி ராகத்தில் செய்த 'மோக்ஷமு கலதா'வை வாத்தியக் குழு, கிட்டார் எல்லாம் சேர்த்து மலை போல எழுப்பியிருக்கிறார்கள். நல்ல ஸ்பீக்கரில் அது மலைதான். எங்கள் பாக்ஸில் எல்லாம் ஒன்றாகக் கரைந்து கூழாகிவிட்டது. மாஷ் ஒரே கேள்விதான் கேட்டார்: "சாரமதிக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்?"

ராப் கட்சிக்கு இரண்டு வேட்பாளர்கள். மலப்புறத்தில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டனில் வளர்ந்த ஹனுமான்கைண்ட், 2025 ஜூலையில் கொண்டுவந்த 'மான்சூன் சீசன்'. மரணக்கிணற்றுக்குள் எடுத்த வீடியோவோடு உலகமெல்லாம் ஓடிய 'பிக் டாக்ஸ்' இதில்தான் இருக்கிறது. இன்னொரு பாட்டில் செண்டை ஆரம்பித்ததுமே வெளியே பைக்கை நிறுத்தியிருந்த இரண்டு பையன்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நென்மாறை வேலா திருவிழாவுக்குப் போய் வளர்ந்த பிள்ளைகளைச் செண்டைச் சத்தம் இழுக்காமல் விடாது. ஆனால் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகத்தான் நிற்கிறது. உட்கார்ந்து கேட்கிற ஆல்பமாக அது எனக்குப் படவில்லை. நின்றுகொண்டு கேட்கலாம்.

இன்னொருவர் அறிவு. அரக்கோணத்துக்காரர். தமிழுக்கு ஒரு கோடியில் ஆந்திர எல்லை அது, இன்னொரு கோடியில் கேரள எல்லை நாங்கள். 2024இல் வந்த 'வள்ளியம்மா பேராண்டி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் பெயரில் போட்ட ஆல்பம். நெல்லியாம்பதி எஸ்டேட்டில் கொழுந்து பறித்துவிட்டு கீழே இறங்கி வந்த குடும்பங்கள் எங்கள் ஊரிலும் இருக்கின்றன. அவர்களுக்கு உரை எழுதித் தர வேண்டியதில்லை. சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுகிறது, பறையும் குரலும் எங்கள் மோசமான பாக்ஸிலும் கிழியாமல் வருகின்றன. ஆல்பமாக அது முழுசாக நிற்கிறதா என்றால் எனக்கு அரைமனசுதான். சில பாட்டுகள் மேடைக்குச் செய்தது போல இருக்கின்றன, கேட்கிறவனைக் கொஞ்சம் தனியே விட்டால் தேவலை.

முதல் மாதமே அறிவைப் போட எனக்குத் தயக்கம் வந்ததற்குக் காரணம் அதுவல்ல. தமிழ் ஆல்பத்தைப் போட்டால் இரண்டாம் மாதம் மலையாளம் போட்டாக வேண்டும், மூன்றாம் மாதம் எண்ணிக்கை தொடங்கிவிடும். நல்ல ஆல்பம் ஒன்றை அந்தத் தராசில் வைக்க மனசு வரவில்லை. கோழைத்தனம் என்று அக்கா மகள் சொன்னாள். இருக்கலாம்.

இதற்குமேல் மிச்சம் இரண்டு. ஒன்று கானவ்யாவின் 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்'. நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர், ஹரிகதை கற்றவர், இன்றைக்கு ஜாஸ்காரர்கள் தேடிப் போய்ச் சேர்ந்து வாசிக்கிற பாடகி. 2024 நவம்பரில் வந்த இந்த ஆல்பம் ஹூஸ்டனில் பல கலைஞர்கள் ஒன்றாகக் கூடியிருந்தபோது பதிவானது. பியானோ வாசிக்கும் விஜய் ஐயரும் அதில் உண்டு. ஒரு பெரிய கூடத்தில் பலர் சேர்ந்து முணுமுணுப்பது, யாரோ தரையில் நகர்வது எல்லாம் கேட்கும். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' வருகிறது. ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' வருகிறது.

இந்த இரண்டாவது பெயரைச் சொன்னதும் மாஷ் நிமிர்ந்தார். "எந்த சச்சிதானந்தர்?" கோயமுத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்தவர், 1969இல் வுட்ஸ்டாக் திருவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் என்றேன். டெட்ராய்ட்டில் பிறந்த கறுப்பினப் பெண் ஆலிஸ், கணவர் ஜான் கோல்ட்ரேன் இறந்த துக்கத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தார். 1971இல் அவர் பெயரிலேயே ஆல்பம் போட்டார். "செட்டிபாளையத்துக்காரரா! அங்க எங்க பெரியம்மா வீடு" என்று மாஷ் சிரித்தார். ஐம்பது வருஷம் சுற்றிவிட்டு அந்தப் பெயர் ஒரு தமிழ்ப் பெண்ணின் வாய் வழியாக, எல்லையில் இருக்கிற வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஷீட் கூரைக்கு அடியில் வந்து இறங்குகிறது. இதற்காகவே இதைத் தேர்ந்துவிடலாம் என்று அன்றைக்கு ராத்திரி முடிவே செய்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு காற்று அடித்தது. கானவ்யா குரலை உயர்த்திப் பாடுகிறவர் அல்ல. ஒரு சொல்லை எடுத்து, கையில் வைத்துப் பார்த்து, மெதுவாகக் கீழே வைப்பார். வைத்த இடத்தில் மௌனம் இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த இடத்தில் டமால் என்று ஷீட் விழுந்தது. மூன்று முறை அப்படி நடந்த பிறகு செயலாளர் அண்ணனே எழுந்து போய் ஆஃப் செய்தார். "பாவமுங்க அந்தப் பொண்ணு" என்றார். மார்கழிக்கு வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்தோம். அப்போது கூட்டத்தை விடிகாலையிலும் வைக்கலாம்.

கடைசியாக பேட் பன்னி. 2025 ஜனவரி 5இல் வந்த 'தெபி திரார் மாஸ் ஃபோட்டோஸ்'. நிறையப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அதற்குப் பொருள். 17 பாட்டு, 62 நிமிஷம், முழுக்க ஸ்பானிஷ். இதை நான் பட்டியலில் சேர்த்ததே அட்டைப் படத்துக்காகத்தான். இரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலி, காலி. பின்னால் வாழை. அவ்வளவுதான் படம். போனை நீட்டியதும் கள் இறக்கும் அண்ணன் வாங்கிப் பார்த்து, "இது நம்ம ராமநாதபுரத்துப் பக்கமுங்களா, எங்க எடுத்தது?" என்று கேட்டார். போர்ட்டோ ரிக்கோ என்றேன். அது எங்கே என்று சொல்ல பூகோளம் எடுக்க வேண்டியிருந்தது. கரீபியன் கடலில் ஒரு தீவு, 1898இலிருந்து அமெரிக்காவின் கையில் இருக்கிறது. ஜனங்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான், ஆனால் தீவில் இருக்கிறவரை அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டு இல்லை. "அப்ப ரேஷன் கார்டு இருக்கு, ஓட்டு இல்லை" என்றார் அண்ணன். அவ்வளவு சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

பாடுகிறவர் அந்தத் தீவின் லாரி டிரைவர் ஒருவரின் மகன். ரெகேடோன் என்ற ஆட்டப் பாட்டில் உலகப் புகழ் அடைந்த பிறகு, இந்த ஆல்பத்தில் ஊரின் பழைய இசைகளிடம் திரும்பிப் போகிறார். மூன்றாவது பாட்டு சால்சா என்ற ஆட்ட இசையில் ஆறு நிமிஷம். அதில் வாசிக்கிறவர்கள் சான் ஹுவான் நகரத்து இசைப் பள்ளி மாணவர்கள். எக்காளம் போல பித்தளை வாத்தியங்கள் எழும்பியபோது எங்கள் பாக்ஸ் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டது. கல்யாண மண்டப பேண்டு செட்டுக்குப் பழகிய பாக்ஸ் அது, பித்தளைதான் அதற்குத் தாய்மொழி. ஷீட் தட்டியதுகூட தாளத்தோடு ஒட்டிக்கொண்டது.

பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, இந்த மூன்று பாட்டுதான் என்னை மாற்றியது. பன்னிரண்டாவது ப்ளேனா. தோல் ஒட்டிய வட்டமான சட்டத்தைக் கையில் பிடித்து, பல பேர் சேர்ந்து தட்டிப் பாடுகிற இசை. போர்ட்டோ ரிக்கோவில் ப்ளேனாவைப் பாடும் செய்தித்தாள் என்பார்கள். ஊரில் நடந்த கொலை, வெள்ளம், வம்பு எல்லாம் அதில் பாட்டாகிவிடும். சந்தையில் காலணாவுக்கு விற்ற நம் கொலைச்சிந்துக்கு அக்கா தங்கை முறை. அந்தத் தட்டு ஆரம்பித்ததும் கள் இறக்கும் அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். பாளையைத் தட்டித் தட்டிப் பழகிய கை பெஞ்சின் ஓரத்தில் தானாகத் தட்டியது. கூடவே தட்டவில்லை, இரண்டு தட்டுக்கு நடுவில் புகுந்து தட்டியது. மாஷ் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் பேசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

பதின்மூன்றாவது பாட்டின் பெயருக்கு 'தேங்காய் நாட்டுச் சாராயம்' என்று பொருள். கேரளத்தின் எத்தனையோ ஜில்லாவுக்கு இந்தத் தாலுகாவிலிருந்துதான் கள் போகிறது. இந்தத் தலைப்பை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பண்டிகை நாளில் தனியாக உட்கார்ந்து குடிக்கிறவனின் புலம்பல் என்று மட்டும் சொன்னேன்.

பதினான்காவது, அமெரிக்காவின் மாநிலமாகிவிட்ட ஹவாய்த் தீவுகளுக்கு நடந்தது எங்களுக்கும் நடக்கக் கூடாது என்கிற பாட்டு. ஆற்றைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், கடற்கரையைப் பிடுங்கப் பார்க்கிறார்கள், ஊரை விட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று அடங்கின குரலில் பாடுகிறார். எங்கள் தாலுகாவிலேயே பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. கிணற்றுத் தண்ணீரைக் காப்பாற்ற 2002இல் குளிர்பான ஆலைக்கு எதிராக மயிலம்மாவும் மற்றவர்களும் பந்தல் போட்டு உட்கார்ந்த இடம். 2004இல் ஆலை நின்றது. நான் இரண்டு வரியின் அர்த்தத்தைச் சொன்னதும் செயலாளர் அண்ணன், "மயிலம்மா பாட்டுங்க இது" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. ஆறிலிருந்து பத்து வரை உள்ள பாட்டுகள் எனக்கு ஒரே மாதிரி கேட்டன. காதல் தோல்வி, பழைய போட்டோ, ராத்திரி கிளப். அந்த இருபது நிமிஷத்தில் யாராவது டீக்கு எழுந்து போனால் நான் தடுக்க மாட்டேன். சில பாட்டுகளின் அர்த்தம் தெரிந்தால் மாஷ் டீயோடு திரும்பியும் வர மாட்டார். ஆகவே நான் அச்சடிக்கிற அரைப் பக்கக் குறிப்பில் நாலு பாட்டுக்கு மட்டும் அர்த்தம் இருக்கும். இது நேர்மையா என்று அக்கா மகள் கேட்டாள். இடம் இல்லை என்று பதில் சொன்னேன்.

ஆல்பமாகத் தரம் பிரித்தால் எனக்கு கானவ்யாதான் மேலே. வாசிப்பில் சக்தியைத் தொட இவர்கள் யாராலும் முடியாது. சொல்லில் அறிவு. தனியே அழுவதற்கு தி க்யூர். ஆனால் நான் தேட வேண்டியிருந்தது முப்பது பேருக்கு, அதுவும் இந்தக் கூரைக்கு அடியில் உட்காருகிற முப்பது பேருக்கு. ஸ்பானிஷ் என்று வந்துவிட்டால் தமிழ் பெஞ்சும் இல்லை, மலையாள பெஞ்சும் இல்லை. எல்லோருக்கும் சமமாகப் புரியாது. அதனால் எல்லோரும் சமமாகக் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஆடிக் காற்றையும் அது எதிர்த்துப் பாடிவிடும். ஆவணிக்கு சக்தி, அன்றைக்கு மாஷுக்கு முன்கூட்டியே பத்து நிமிஷம் பேச நேரம் கொடுத்துவிடுவோம். ஐப்பசிக்கு அறிவு. அதற்குள் எனக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும்.

செயலாளர் அண்ணன் பெஞ்சை எண்ணினார். இருபது பேருக்கு மேல் இடம் போதாது. பந்தல் கடைக்குப் போன் போட்டு பத்து நாற்காலி சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சிவப்பு எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருச்சாமுங்க. வெள்ளைதான் இருக்குதாம். பரவாயில்லையா?"